பிலாட்டீஸ் யாரிடம் கற்பது: கோவில் மண்டபமா, ஈப்போவா, ஃபிஸியோவா?

குறுக்கு வலிக்கு மருந்து எழுதிக் கொடுத்த டாக்டர், சீட்டை நீட்டும்போது "பிலாட்டீஸ் மாதிரி ஏதாவது செய்யுங்கம்மா" என்றார். வயிறு, முதுகுத் தசைகளைப் பலப்படுத்தும் ஓர் உடற்பயிற்சி முறை அது. யாரிடம் போய்ச் செய்வது என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அந்தக் கேள்விக்கு விடை தேட எனக்கு ஏழு மாதம் ஆனது.

நான் 22 வருடமாகத் தையல் மிஷின் முன்னால் குனிந்து உட்கார்ந்திருப்பவள். பள்ளிச் சீருடை, ரவிக்கை, தீபாவளி நேரத்தில் இரவு இரண்டு மணி வரை வேலை. எம்.ஆர்.ஐ. எடுத்தபோது இடுப்புக்கு மேலே ஒரு டிஸ்க் பிதுங்கியிருந்தது. வலி இடது தொடையின் பின்பக்கமாக இறங்கிக் கெண்டைக்கால் வரை போகும். இது என் கதை. அம்மாவுக்கு வயது 71. முப்பது வருடத்துக்கு மேல் ரப்பர் மரம் சீவியவர், அப்புறம் செம்பனைத் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்கியவர். அவருக்கு எலும்பு மெலிவு, கூடவே சர்க்கரை. தங்கைக்கு ஐந்து மாதக் கைக்குழந்தை, பிரசவம் ஆபரேஷன்.

நான் பிலாட்டீஸ் என்று பேச்செடுத்ததும் இருவரும் "எங்களையும் சேர்த்துக்கொள்" என்றார்கள். ஒரே வீட்டில் மூன்று முதுகு, மூன்று விதமான சிக்கல். ஒரே ஆசிரியர் போதும் என்றுதான் நினைத்தேன். போதவில்லை.

மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் இருக்கும் எங்களுக்கு நான்கு வழிகள் தெரிந்தன. பக்கத்துத் தாமானில் கோவில் மண்டபத்தில் வாரம் இருமுறை நடக்கும் பாய் வகுப்பு ஒன்று. 30 கிலோமீட்டர் தள்ளி ஈப்போவில் ரீஃபார்மர் என்ற பயிற்சிக் கருவி வைத்திருக்கும் ஸ்டூடியோக்கள் இரண்டாவது. ஃபிஸியோதெரபி கிளினிக் மூன்றாவது. கைப்பேசித் திரை நான்காவது.

பலகையில் இருக்கும் பெயர்

இதை முதலிலேயே தெரிந்துகொண்டிருந்தால் என் இடது கால் ஒரு வாரம் மரத்துப் போயிருக்காது. பிலாட்டீஸ் ஆசிரியர் என்று சொல்லிக்கொள்ளத் தனிச் சட்டம் எதுவும் நம் நாட்டில் இல்லை. நாளைக்கே நான் வீட்டு வாசலில் பலகை மாட்டினாலும் யாரும் வந்து கேட்கப் போவதில்லை.

பிலாட்டீஸ் என்பது ஓர் ஆளின் பெயர். ஜோசப் பிலாட்டீஸ் 1883-இல் ஜெர்மனியில் பிறந்தவர். முதல் உலகப் போர் நேரத்தில் இங்கிலாந்தில் இருந்ததால், எதிரி நாட்டுக்காரர் என்று பிடித்து மேன் தீவு முகாமில் அடைத்தார்கள். 1926-இல் நியூயார்க் போய்ச் சேர்ந்து, துணைவி கிளாராவோடு பயிற்சிக்கூடம் நடத்தினார். தன் முறைக்கு அவர் வைத்த பெயர் 'கன்ட்ராலஜி'. 1945-இல் வந்த அவருடைய புத்தகத்தில் பாய் மேல் செய்யும் பயிற்சிகள் 34 இருந்தன. 1967-இல் அவர் இறந்த பிறகு மாணவர்கள் ஆளுக்கொரு பாணியில் கற்பித்தார்கள். அந்தப் பெயர் தனக்குத்தான் சொந்தம் என்று ஒருவர் வழக்காட, யோகா, கராத்தே போல இதுவும் ஒரு பயிற்சி முறையின் பொதுப்பெயர்தான் என்று 2000-ஆம் ஆண்டு நியூயார்க் நீதிமன்றம் முடிவு சொல்லிவிட்டது. அன்றிலிருந்து அந்தப் பெயரை யாரும் வைத்துக்கொள்ளலாம். 450 மணி நேரம் படித்தவரும் வைத்துக்கொள்ளலாம், ஒரு சனி ஞாயிறு வகுப்புக்குப் போய்வந்தவரும் வைத்துக்கொள்ளலாம்.

450 என்பது வாய்க்கு வந்த எண் இல்லை. பாய், ரீஃபார்மர், காடிலாக், நாற்காலி, பீப்பாய் என்று எல்லாக் கருவிகளையும் முழுமையாகக் கற்றுத் தேற ஏறக்குறைய அவ்வளவு மணி நேரம் ஆகும் என்பது இந்தத் துறையில் ஏற்றுக்கொண்ட அளவு. அதற்குள் சொந்தப் பயிற்சி, மூத்த ஆசிரியர் கற்பிப்பதைப் பக்கத்தில் இருந்து கவனிப்பது, அவர் கண்காணிப்பில் தானே கற்பித்துப் பழகுவது எல்லாம் அடங்கும். பாய் வகுப்புக்கு மட்டும் படிப்பது இதைவிட மிகக் குறைவு. குறைவு என்பதால் அது தப்பில்லை, ஆனால் படித்தது எவ்வளவு என்று நமக்குத் தெரிய வேண்டும். அதனால் "சர்டிஃபிகேட் இருக்கிறதா?" என்று கேட்பதில் பயனில்லை, எல்லோரிடமும் ஏதோ ஒன்று இருக்கும். "எத்தனை மணி நேரம் படித்தீர்கள், எந்தெந்தக் கருவி, யார் முன்னால் கற்பித்துப் பழகினீர்கள்?" என்று கேளுங்கள். உண்மையாகப் படித்தவர்கள் இந்தக் கேள்விக்கு முகம் சுளித்து நான் பார்க்கவில்லை. ஆசையாக உட்கார்ந்து கதை சொல்கிறார்கள்.

ஃபிஸியோ விஷயம் வேறு. 2016-ஆம் ஆண்டின் துணை மருத்துவத் தொழில்கள் சட்டம், அதாவது சட்டம் 774, அவர்களைக் கட்டுப்படுத்துகிறது. பதிவு செய்திருக்க வேண்டும், பதிவு எண்ணை நாம் கேட்கலாம்.

மண்டபத்து வகுப்பு

நான் முதலில் போனது இங்கேதான். நடந்தே போய்விடலாம், ஒரு வகுப்புக்கு 15 வெள்ளி, சொல்லித்தருகிற பெண் தமிழ்ப்பெண், முப்பது வயதுகூட இருக்காது. ஏறக்குறைய இருபது பேர் பாயை விரித்திருந்தார்கள். சேருவதற்கு முன்னால் ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்து பார்க்கலாமா என்று கேட்டேன், தாராளமாக என்றார். பார்க்க விடாத இடமாக இருந்தால் அங்கேயே திரும்பிவிடுங்கள்.

பார்த்ததில் ஒரு குறை கண்ணில் பட்டது. அவர் முன்னால் படுத்துக்கொண்டு எல்லாப் பயிற்சியையும் தானே செய்தார். மல்லாந்து படுத்திருக்கும் ஆசிரியருக்குக் கூரைதான் தெரியும், கடைசி வரிசையில் கழுத்தைத் திருகிக்கொண்டு தலை தூக்கும் அக்காவைத் தெரியாது. பயிற்சியை ஒருமுறை செய்து காட்டிவிட்டு எழுந்து, பாய்களுக்கு நடுவே நடப்பவர்தான் ஆசிரியர். தன் உடற்பயிற்சியையும் அந்த ஒரு மணி நேரத்திலேயே முடித்துக்கொள்கிறவரை நான் ஆசிரியர் என்று ஒப்புக்கொள்ள மாட்டேன்.

ஆனால் வகுப்பு முடிந்ததும் என் எம்.ஆர்.ஐ. பற்றிச் சொன்னேன். அந்தப் பெண் சொன்ன பதில் இன்னும் காதில் இருக்கிறது. "அக்கா, நான் பாய் கோர்ஸ் மட்டும்தான் படிச்சிருக்கேன். உங்க குறுக்குக்கு என்ன ஆகாதுன்னு எனக்குச் சரியாத் தெரியாது. ஃபிஸியோகிட்ட காட்டிட்டு, எதையெல்லாம் விடணும்னு எழுதி வாங்கிட்டு வாங்க. அப்புறம் சேர்த்துக்கிறேன்." ஒரு மாணவியின் கட்டணம் கையை விட்டுப் போகிறது என்று தெரிந்தும் அப்படிச் சொன்னார். அந்த மரியாதை என் மனதில் அப்படியே இருக்கிறது. அன்றைக்கு எனக்கு அதன் அருமை விளங்கவில்லை. படிப்பு போதாத பெண் என்று நினைத்துக்கொண்டு ஈப்போவுக்குப் போனேன்.

ஈப்போவில் இரண்டு ஸ்டூடியோ

முதல் இடம் பார்க்க அவ்வளவு அழகு. சுவர் முழுக்கக் கண்ணாடி, எட்டு ரீஃபார்மர், மெல்லிய பாட்டு. ரீஃபார்மர் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன்: ஒற்றைக் கட்டில் மாதிரி இருக்கும், அதன் மேல் ஒரு பலகை முன்னும் பின்னும் ஓடும், அதை இழுத்துப் பிடிக்க ஸ்பிரிங். குழு வகுப்புக்கு என்னிடம் 55 வெள்ளி கேட்டார்கள். பத்து வகுப்புக்குச் சேர்த்துக் கட்டினால் குறையும், ஆனால் இரண்டு மாதத்தில் முடித்துவிட வேண்டும் என்றார்கள். கட்டிவிட்டேன். முதல் வகுப்பு முடியும் முன்னால் தொகுப்புக்குப் பணம் கட்டக் கூடாது என்பதை அப்படித்தான் கற்றேன்.

தாள் ஒன்றில் கையெழுத்து வாங்கினார்கள். வலி உண்டா என்று அதில் ஒரு கட்டம் இருந்தது, உண்டு என்று எழுதினேன். அந்தத் தாளை வகுப்பு எடுத்தவர் படித்த மாதிரித் தெரியவில்லை. இருபதாவது நிமிடத்தில் கால்களை நீட்டி உட்கார்ந்து, முதுகை வளைத்து முன்னால் எட்டச் சொன்னார். அப்புறம் பந்து மாதிரி முதுகைச் சுருட்டி உருளச் சொன்னார். முன்பக்கம் வளைந்தால் காலுக்கு வலி இறங்குகிற டிஸ்க் எனக்கு. எல்லோரும் செய்தார்கள், நானும் செய்தேன். திரும்பி வரும் வழியில் செம்மோர் தாண்டும்போதே கால் மரத்துவிட்டது. ஒன்பது வகுப்பின் பணம் போனதுகூடப் பெரிதாகத் தோன்றவில்லை. எழுதிக் கொடுத்தும் ஒருவர் ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்பதுதான் ஆறவில்லை.

இரண்டாவது ஸ்டூடியோவுக்குப் போனது பல மாதம் கழித்து. சின்னக் கடைவீட்டின் மாடி, மூன்றே கருவி. அந்த ஆசிரியை நடுவயதுச் சீனப் பெண்மணி. மலாயும் ஆங்கிலமும் கலந்து பேசினோம். முதல் கால் மணி நேரம் கருவிப் பக்கமே போகவில்லை. எப்படித் தூங்குகிறேன், மிஷினை எந்தக் காலால் மிதிக்கிறேன், தும்மும்போது வலிக்கிறதா, குனிவது கஷ்டமா நிமிர்வது கஷ்டமா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நடக்கச் சொல்லிப் பின்னாலிருந்து பார்த்தார். தொட்டுத் திருத்துவதற்கு முன் ஒவ்வொரு முறையும் "தொடலாமா?" என்று அனுமதி கேட்டார். நம் பெண்கள் பலர் கூச்சத்தில் வாய் திறக்க மாட்டார்கள், அதனால் ஆசிரியர் ஆணோ பெண்ணோ இதைக் கேட்டே ஆக வேண்டும் என்பது என் பிடிவாதம்.

ஸ்பிரிங்கைக் குறைத்தால் வேலை சுலபம் என்று நினைத்திருந்தேன். அவர்தான் காட்டினார், சில பயிற்சிகளில் ஸ்பிரிங் குறைந்தால் பலகை வழுக்கிக்கொண்டு ஓடும், அதை நிறுத்திப் பிடிக்க உடம்பு இரண்டு மடங்கு பாடுபடும். கருவி இருப்பதால் மட்டும் பத்திரம் என்று சொல்ல முடியாது. எட்டுப் பேருக்கும் ஒரே ஸ்பிரிங் சொல்கிற வகுப்புக்கும், ஆளைப் பார்த்து மாற்றுகிற வகுப்புக்கும் அங்கேதான் வித்தியாசம். தனி வகுப்பு என்பதால் அவர் கட்டணம் 130 வெள்ளி. பெட்ரோலும் சேர்த்தால் எங்கள் வீட்டு நிலைமைக்கு மாதம் ஒருமுறைதான் கட்டுப்படியாகும்.

ஃபிஸியோ

கால் மரத்த வாரத்தில் நான் ஓடியது இங்கேதான். அரசாங்க மருத்துவமனையில் கடிதம் வாங்கி ஃபிஸியோவுக்குப் போகலாம், செலவு மிகக் குறைவு, காத்திருப்புதான் அதிகம். வேலையிடத்தில் அடிபட்டவர்கள் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவிடம் கேளுங்கள், அவர்கள் தரும் மறுவாழ்வு வசதியில் ஃபிஸியோதெரபியும் உண்டு. எனக்குப் பொறுக்க முடியாததால் தனியார் கிளினிக் போனேன்.

அவர் என்னைப் படுக்க வைத்துக் காலை நீட்டியபடி தூக்கினார், பெருவிரலை மடக்கித் தள்ளச் சொன்னார், முழங்காலில் தட்டிப் பார்த்தார். அப்புறம் முன்னால் சில தடவை, பின்னால் சில தடவை வளையச் சொல்லி, ஒவ்வொரு முறையும் வலி எங்கே நிற்கிறது என்று கேட்டார். எந்த அசைவில் வலி காலை விட்டு மேலே ஏறிக் குறுக்கோடு நின்றுவிடுகிறதோ அந்தப் பக்கம் போகலாம், எதில் கீழே இறங்குகிறதோ அது இப்போதைக்கு வேண்டாம் என்றார். இவ்வளவு எளிமையான ஒரு கணக்கை யாரும் எனக்கு அதுவரை சொன்னதில்லை. சிறுநீரோ மலமோ அடக்க முடியாமல் போனாலும், உட்காரும் இடம் மரத்துப் போனாலும், அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போய்விட வேண்டும், எந்தப் பயிற்சியும் வேண்டாம் என்றும் சொன்னார். இதை நீங்களும் நினைவில் வையுங்கள்.

ஆனால் ஃபிஸியோ எல்லோருக்கும் பிலாட்டீஸ் தெரியும் என்று நினைக்காதீர்கள். அதைத் தனியாகப் படித்திருக்க வேண்டும். சில இடங்களில் சூட்டு ஒத்தடம் வைத்து, மிஷினை மாட்டிவிட்டு, அரை மணி கழித்து வந்து கழற்றுவதோடு சரி. கையும் காலும் அசைக்க வைக்காத ஃபிஸியோவிடம் பிலாட்டீஸ் எதிர்பார்க்க முடியாது.

இன்னொன்றும் அவரிடம் எனக்குப் பிடித்தது. "பிலாட்டீஸ்தான் செய்யணுமா?" என்று கேட்டேன். இல்லை என்றார். நாள்பட்ட குறுக்கு வலிக்கு இதைப் பற்றி வந்த ஆய்வுகளை எல்லாம் சேர்த்துப் பார்த்த, காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பின் மதிப்பாய்வு ஒன்று 2015-இல் வெளியானது. சும்மா இருப்பதைவிடப் பிலாட்டீஸ் நல்லது, ஆனால் மற்ற உடற்பயிற்சிகளைவிட மேலானது என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்பதுதான் அதன் முடிவு. அதனால் "பிலாட்டீஸ் ஒன்றுதான் உங்கள் முதுகைக் காப்பாற்றும்" என்று ஓர் ஆசிரியர் பேசினால் நான் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுவேன்.

அம்மாவும் தங்கையும்

அம்மாவுக்கு ஆசிரியர் தேடும்போதுதான் கேட்க வேண்டிய கேள்வி எனக்குப் பிடிபட்டது. "எங்கம்மாவுக்கு என்ன சொல்லிக்கொடுப்பீங்க?" என்று கேட்டால் எல்லோரும் அழகாகப் பதில் சொல்கிறார்கள். "எங்கம்மாவுக்கு எதைச் சொல்லிக்கொடுக்க மாட்டீங்க?" என்று கேட்டுப் பாருங்கள்.

எலும்பு மெலிந்த முதுகை முன்பக்கம் சுருட்டக் கூடாது. மல்லாந்து படுத்துத் தலையையும் தோளையும் தூக்குவது, படுத்த நிலையிலிருந்து முதுகை வளைத்து எழுவது, பந்து மாதிரி உருள்வது, இடுப்பை வேகமாக முறுக்குவது எல்லாம் முதுகெலும்பை நொறுக்கிவிடலாம். பிலாட்டீஸில் பெயர் பெற்ற பயிற்சிகளில் பாதி இந்தக் கூட்டத்தில் வரும். 'ஹண்ட்ரட்' என்று நூறு எண்ணிக் கை அடிப்பதையும் தலையைத் தரையில் வைத்தபடிதான் இவர்கள் செய்ய வேண்டும். இந்தப் பட்டியலைத் தயங்காமல் சொல்லி, "அதுக்குப் பதிலா முதுகை நிமிர்த்துற பயிற்சி, இடுப்புக்கு பலம், சுவர் பக்கத்துல நின்னு ஒத்தைக் கால்ல நிக்கிறது" என்று சொன்னால் அவரை நம்பலாம். நான் கேட்ட நான்கு பேரில் இரண்டு பேர் "ஆன்ட்டிக்கு மெதுவாப் பண்ணலாம்" என்று மட்டும் சொன்னார்கள். சிக்கல் வேகத்தில் இல்லையே!

சர்க்கரை பற்றியும் ஆசிரியர் கேட்க வேண்டும். 2019-இல் எடுத்த தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது, இந்தியர்களில் அது 31.4 விழுக்காடு. நம் ஊர் மண்டபத்தில் இருபது பேர் படுத்திருந்தால் அதில் சிலருக்காவது சர்க்கரை இருக்கும். பசியாறாமல் ஊசி மட்டும் போட்டுக்கொண்டு வந்தார்களா, பாதத்தில் உணர்ச்சி இருக்கிறதா, கண்ணில் இரத்தக்கசிவு உண்டா என்று கேட்காத ஆசிரியர் அம்மாவுக்கு வேண்டாம்.

அம்மா இப்போது போவது அந்த ஃபிஸியோவிடமே. அவர் தமிழர் என்பது எவ்வளவு பெரிய உதவி என்று அங்கே உட்கார்ந்து பார்த்தபோதுதான் தெரிந்தது. "தொப்புளை முதுகெலும்போடு ஒட்டுங்க" என்றதும் அம்மா மூச்சை அடக்கிக்கொண்டு முகம் சிவந்து கிடந்தார். அவர் கொஞ்சம் யோசித்து, "அம்மா, காண்டாக் கம்புல ரெண்டு பால் வாளியைத் தோள்ல ஏத்தும்போது வயிறு தானா இறுகுமே, அதுல பாதி போதும். மூச்சு ஓடிக்கிட்டே இருக்கட்டும்" என்றார். அம்மாவுக்கு உடனே வந்துவிட்டது. முப்பது வருடம் செய்தது உடம்பு மறக்கவில்லை. வேறு மொழி பேசும் நல்ல ஆசிரியரிடம் நான் சமாளித்துவிடுவேன். "குறுகுறுன்னு இறங்குது", "பிடிச்சுக்கிட்டு விடமாட்டேங்குது" என்று வலியைச் சொல்கிற வயதானவர்களுக்கு அந்த வார்த்தை புரிகிற ஆசிரியர்தான் வேண்டும்.

தங்கை விஷயம் சுருக்கம். பிரசவமான பெண்ணிடம் "தொப்பை சீக்கிரம் குறைஞ்சிடும்" என்று பேச்சைத் தொடங்குகிறவர் வேண்டாம். டாக்டர் அனுமதித்தாரா, தழும்பு ஆறியதா, இருமினால் சிறுநீர் கசிகிறதா என்று கேட்டுவிட்டு, தொப்புளுக்கு மேலும் கீழும் விரல் வைத்துத் தசை எவ்வளவு விலகியிருக்கிறது என்று பார்க்கிறவர் வேண்டும். பயிற்சியின்போது வயிற்றின் நடுவே கூம்பு மாதிரி மேடு எழுந்தால் அந்த இடத்தில் நிறுத்தத் தெரிந்தவராக இருக்க வேண்டும். அவள் அந்தச் சீன ஆசிரியையிடமே மூன்று முறை நேரில் போனாள். இப்போது குழந்தை தூங்கும் நேரத்தில் அவரோடு காணொலி அழைப்பில் செய்கிறாள்.

திரை வழி கற்பதைப் பற்றி நான் சொல்ல இருப்பதும் இவ்வளவுதான்: ஆசிரியர் உங்களைப் பார்க்க முடிகிற நேரலை வகுப்பு ஒரு வகை, பதிவு செய்த வீடியோ வேறு வகை. கைப்பேசியைப் பக்கவாட்டில், முதுகு வளைவது தெரிகிற மாதிரி வைக்கச் சொல்கிற ஆசிரியர் உண்மையாகவே உங்களைப் பார்க்கிறார். வீடியோவுக்கு உங்கள் டிஸ்க் தெரியாது. ஏற்கெனவே கற்றவர்கள் மறக்காமல் இருக்க அது போதும், புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்ல மாட்டேன்.

இப்போது என் ஏற்பாடு இது. ஃபிஸியோவிடம் ஆறு முறை போய் வந்தேன், வலி காலை விட்டு மேலே ஏறிவிட்டது. மாதம் ஒருமுறை ஈப்போ. மீதி நாளெல்லாம் அந்த மண்டபத்து வகுப்புதான், ஏனென்றால் வாரம் இருமுறை விடாமல் செய்ய முடிவது நடந்து போகும் தூரத்தில் இருப்பதை மட்டும்தான். அந்தப் பெண்ணிடம், "நீ எங்க நடுவில நடந்து பார்த்தா நல்லா இருக்கும்மா" என்று தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன். கோபித்துக்கொள்ளவில்லை. இப்போது வகுப்பை இரண்டாகப் பிரித்து, பத்துப் பத்துப் பேராக எடுக்கிறார். ஃபிஸியோ எனக்கு விடச் சொன்ன நான்கு பயிற்சிகளை எழுதிக் கொடுத்த தாளைத் தன் நோட்டுப் புத்தகத்தில் ஒட்டி வைத்திருக்கிறார். அந்த இடம் வரும்போது என் பாய்ப் பக்கம் வந்து குனிந்து, "அக்கா, நீங்க குப்புறப் படுத்துக்குங்க" என்கிறார்.